வீட்டில் பாட்டுப் பதிய எந்த ஹெட்ஃபோன்?

ஒரு லேப்டாப், ஒரு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் பாட்டுக் கட்டும் பிள்ளைகளிடம் இன்று இவ்வளவும் இருக்கிறது. ஹெட்ஃபோன் மட்டும் பெரும்பாலும் கேம் விளையாட வாங்கியதாகவோ கைப்பேசியோடு வந்ததாகவோ இருக்கும். ஸ்பீக்கர் வாங்கினாலும் அதைச் சத்தமாக வைக்க வழியில்லை. லயத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்கு நடுவே ஒரே ஒரு சுவர். தாமான் வரிசை வீட்டிலும் அதே கதைதான். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவு பத்து மணிக்கு மேல் பாட்டோடு உட்காருபவருக்கு ஹெட்ஃபோன்தான் ஸ்டூடியோ. அதற்கு மைக்குக்கு இணையான காசை ஒதுக்குங்கள்.

முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

பிராண்டைப் பிறகு பார்க்கலாம். பாடும்போது மாட்டவா, பாடி முடித்ததை மிக்ஸ் பண்ணவா? இந்த இரண்டுக்கும் இரண்டு விதமான ஹெட்ஃபோன்கள் உண்டு. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருந்தால் மூடிய வகை. உள்ளே ஓடுவது வெளியே அதிகம் கசியாது, வெளிச்சத்தமும் ஓரளவு அடங்கும். வெளிப்பக்கம் வலையாக இருந்தால் திறந்த வகை. 1968இல் சென்ஹைசர் எச்டி 414 தொடங்கிவைத்த வழி அது. ஒலி விரிந்து, இயல்பாகக் கேட்கும். மிக்ஸிங் செய்பவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள்.

ஆனால் நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே தகரக் கூரை, வாசலில் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. செப்டம்பர், அக்டோபரில் மாலை மழை பிடித்தால் திறந்த ஹெட்ஃபோனில் பாட்டைவிட மழைதான் அதிகம் கேட்கும். அதில் பாடவும் முடியாது, தாளம் காட்டும் கிளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடியதை வாங்குங்கள். திறந்த வகை இரண்டாவதாக வரட்டும், அமைதியான தனி அறை கிடைத்த பிறகு.

கசிவைச் சோதிக்க ஒரு வழி. மைக்கைப் பாடுகிற உயரத்தில் வையுங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பாடும்போது வைக்கிற அதே சத்தத்தில் கிளிக்கை ஓடவிட்டு, வாய் திறக்காமல் அரை நிமிடம் பதியுங்கள். பிறகு அந்த ட்ராக்கை மட்டும் சத்தம் ஏற்றிக் கேளுங்கள். சுவருக்குப் பின்னால் பல்லி சொல்வது போல் 'டிக், டிக்' என்று கேட்டால் அதுதான் கசிவு. பல்லவியில் இது தெரியாது. சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்து மெல்ல அடக்குகிற இடத்தில், கம்ப்ரஸர் போட்டதும், தலைநீட்டும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடும் பழக்கம் பலருக்கு உண்டு. திறந்த கிண்ணத்தைக் கன்னத்தோடோ காதுக்குப் பின்புறமோ அழுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

வயர் உள்ளதையே வாங்குங்கள்

புளூடூத் பேருந்தில் பாட்டுக் கேட்க நல்லது. பதிவுக்கு வேண்டாம். சாதாரணமாக அதில் 100 முதல் 200 மில்லிவிநாடி வரை தாமதம் இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். 120 வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிவிநாடி. அப்படியானால் கால் தட்டு பிந்திக் கேட்டுக்கொண்டு பாடுகிறீர்கள். ராப் பாடுபவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. வயர் போட்ட பிறகும் சொந்தக் குரல் பிந்தி வந்தால் குற்றம் ஹெட்ஃபோனில் இல்லை. இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரைப் போடுங்கள், அல்லது மென்பொருளில் பஃபரை 128க்குக் குறையுங்கள்.

அடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் ஓம் கணக்கு. 32 முதல் 80 ஓம் வரை உள்ளதை லேப்டாப்பும் சின்ன இன்டர்ஃபேஸும் சிரமமில்லாமல் ஓட்டும். 250, 300 ஓம் என்றால் பல சின்ன இன்டர்ஃபேஸில் சத்தம் போதாது, தனி ஆம்ப் கேட்கும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருவதால், ஆர்டர் போடும்போது எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

உறுமியும் பாஸும்

பலர் ஏமாறும் இடம் இது. கடையில் ஹெட்ஃபோனை மாட்டியதும் பாஸ் 'டும்' என்று இறங்கினால் மனசு குளிர்ந்துவிடும். ஆனால் பாஸைத் தானாகக் கூட்டிக் காட்டும் ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்தால், போதும் போதும் என்று நீங்கள் பாஸைக் குறைத்துவிடுவீர்கள். அதே பாட்டைக் காரில் போட்டால் சோகையாக இருக்கும். பாஸ் குறைவாகக் கேட்கும் ஹெட்ஃபோனில் நேர் எதிர்: நீங்கள் அள்ளிப் போடுவீர்கள், மைவி காரின் கதவு அதிரும்.

நம் பாட்டுகளில் உறுமி மேளம் வருவதால் இது இன்னும் முக்கியம். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் அடியில் ஓடுகிறது. மறுபக்கம் அடிக்கிற குச்சியின் 'சடக்' நடுவிலும் மேலேயும் நிற்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற ஹெட்ஃபோன்தான் உங்களுக்கு வேண்டும். கடையில் சோதிக்க, கோயில் திருவிழாவில் கேட்டுப் பழகிய மேளத்தின் நல்ல பதிவு ஒன்றைக் கொண்டுபோங்கள். தேய்ப்பு தனியாகவும், கூடவே கீபோர்டின் பாஸ் தனியாகவும் காதில் விழுகிறதா? இரண்டும் கலந்து ஒரே கூழாகக் கேட்டால் கீழே வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

தெரிந்த பெயர்கள் சில. சோனி எம்டிஆர்-7506, 1991இல் வந்தது, இன்னும் விற்கிறது. மேல் ஒலிகளைக் கூர்மையாகக் காட்டும். 'ச', 'ஸ' சீறுவது உடனே தெரியும், ஆனால் பயந்து அதிகம் வெட்டிவிடக் கூடாது. அடேலுக்கும் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸுக்கும் மிக்ஸ் செய்த ஆண்ட்ரூ ஷெப்ஸ் இதில்தான் மிக்ஸ் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆடியோ-டெக்னிகாவில் எம்50எக்ஸ் பேர் பெற்றது. என்னைக் கேட்டால், பாஸ் அதைவிட அடக்கமான எம்40எக்ஸ் மிக்ஸிங்குக்குப் போதும், விலையும் குறைவு. சென்ஹைசர் எச்டி 280 புரோ வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், தலையைக் கொஞ்சம் இறுக்கும். ஏகேஜி கே240 பாதி திறந்த வகை, பாடுவதற்குக் கசியும்.

மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

மைக் ஓடும்போது காற்றாடியை நிறுத்த வேண்டும். ஏர்கண்டிஷன் இல்லாத அறையில் பத்து நிமிடத்தில் காது வேர்க்கும். செயற்கைத் தோல் மெத்தை நம் ஈரப்பதத்தில் சீக்கிரம் உரியும். டிடி 770 புரோவின் 80, 250 ஓம் வகைகளில் இருப்பது போன்ற துணி மெத்தை வேர்வைக்குத் தேவலாம். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே சோதியுங்கள்: கண்ணாடிக் காது மெத்தையைத் தூக்கினால் அந்த இடைவெளியில் பாஸ் ஓடிவிடும். ஜிமிக்கியும் அப்படித்தான், பாட வரும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மைக்கில் அது கிலுங்கவும் செய்யும்.

சுங்கைப் பட்டாணியில் விரும்பிய மாடல் சோதனைக்கு இல்லாவிட்டால் பாலம் தாண்டிப் பினாங்குக்குப் போய் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் நம்ப முடியாத மலிவுக்கு மயங்க வேண்டாம், பேர் பெற்ற மாடல்களுக்குப் போலி உண்டு. அதிகாரப்பூர்வக் கடையா, உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்பதைப் பார்த்துக் காசு கட்டுங்கள்.

வாங்கிய பின்

இரண்டு வாரம் மிக்ஸ் பண்ணாமல், பிடித்த பாடல்களை அதில் மட்டும் கேளுங்கள். யோகி பி, நட்சத்திராவின் 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' தொகுப்பிலிருந்து ஒன்று, மெலடி ஒன்று, மேளம் ஒன்று போதும். அவற்றில் குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது, பாஸ் எவ்வளவு என்று காது பழகிவிடும். பிறகு உங்கள் பாட்டை அவற்றின் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள், சத்தம் இரண்டுக்கும் சமமாக இருக்கட்டும்.

ஹெட்ஃபோனில் குரல் தலைக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் அதைத் தேவைக்கும் குறைவாக வைத்துவிடுவது சுலபம். இடம் வலம் பிரிப்பதும் உள்ளதைவிட அகலமாகத் தோன்றும். மிக்ஸை மோனோவில் ஒருமுறை, கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறை, காரில் ஒருமுறை கேளுங்கள். கைப்பேசியில் உறுமியின் அடி ஒலி அநேகமாகக் காணாமல் போகும். தேய்ப்பின் நடு ஒலியாவது கேட்டால் பாட்டு நிற்கும். காரில் வானொலியில் மின்னலோ ராகாவோ ஓடும்போது சட்டென்று உங்கள் பாட்டுக்கு மாற்றிப் பாருங்கள், குறை தானாகத் தெரியும்.

சத்தம் ஏற்றுவதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது கேட்காத அளவுக்கு வைத்திருந்தால் குறையுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றி, மெத்தையைக் காய்ந்த துணியால் துடைத்து, காற்றாடியைப் போட்டு உட்காருங்கள்.