ஐடி எண் இருந்தால் இரட்டைப் பதிவு வராதா?

நம்பிக்கை: டேபிளில் ஐடி என்று ஒரு ப்ரைமரி கீ இருந்தால் ஒரே ஆள் இரண்டு முறை பதிவாக மாட்டார்.

பல வருடம் டேட்டாபேஸில் புழங்கியவர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. தானாக ஏறும் ஐடி காப்பாற்றுவது அந்த எண்ணை மட்டும்தான். விண்ணப்பப் படிவத்தில் ஒரு மாணவி ‘சமர்ப்பி’ பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டால் 101 என்று ஒரு வரிசை, 102 என்று இன்னொரு வரிசை. மற்ற விவரமெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஆனாலும் ப்ரைமரி கீ விதி எங்கும் மீறப்படவில்லை.

ரிலேஷனல் முறைக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட், 1970இல் வெளியிட்ட கட்டுரையில் ப்ரைமரி கீக்குக் காட்டிய உதாரணம் உதிரிபாகத்தின் எண். அதன் நிறம் ஆகாது என்றும் சொன்னார். அது நிஜப் பொருளை அடையாளம் காட்டும் எண். நாம் வைக்கும் ஐடிக்கு வெளியுலகில் எந்த அர்த்தமும் இல்லை. எனவே எது இரண்டு முறை வரக்கூடாதோ அதைத் தனியாக யுனீக் என்று அறிவிக்க வேண்டும். மாணவி விஷயத்தில் தேர்வு எண்ணும் ஆண்டும் சேர்ந்து யுனீக். தனித்தனியாக அறிவித்தால், ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவிதான் விண்ணப்பிக்க முடியும்!

அதற்காக ஐடியைத் தூக்கிவிட்டுக் கைபேசி எண்ணை ப்ரைமரி கீ ஆக்க வேண்டாம். ஆட்கள் எண்ணை மாற்றுகிறார்கள். துண்டித்த எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகிறது. ஐடியும் இருக்கட்டும், யுனீக் விதியும் இருக்கட்டும்.

நம்பிக்கை: சேர்ப்பதற்கு முன் ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று நிரலிலேயே பார்த்துவிட்டால் போதும்.

போதாது. நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். முதல் கோரிக்கை செலக்ட் போட்டுப் பார்க்கிறது: இல்லை. அது இன்சர்ட் செய்து முடிப்பதற்குள் இரண்டாவது கோரிக்கையும் செலக்ட் போடுகிறது: அதற்கும் இல்லை. இரண்டும் இன்சர்ட் செய்கின்றன. சோதனை செய்யும்போது ஒரே ஆள் உட்கார்ந்து அழுத்துவதால் இது கண்ணில் படாது. கூட்டம் வரும் நாளில்தான் வெளிப்படும்.

யுனீக் விதி இருந்தால் கதை வேறு. போஸ்ட்கிரெஸில் இரண்டாவது இன்சர்ட், முதலாவது முடியும்வரை காத்திருக்கும். முதலாவது கமிட் ஆனால் இரண்டாவதற்கு 23505 என்ற பிழை. ரோல்பேக் ஆனால் இரண்டாவது உள்ளே போகும். மைஎஸ்கியூஎல் இதே பிழைக்கு 1062 என்ற எண் தருகிறது. நிரல் செய்ய வேண்டியது, அந்தப் பிழையைப் பிடித்து ‘ஏற்கெனவே பதிவாகிவிட்டது’ என்று பயனருக்குச் சொல்வது.

நம்பிக்கை: யுனீக் என்றால் யுனீக்தான், எங்கும் ஒரே அர்த்தம்.

‘நல்’ (null) எனப்படும் வெற்று மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்கியூஎல் சர்வர் ஒரு யுனீக் பத்தியில் ஒரே ஒரு நல்லைத்தான் விடும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎலும் எத்தனை வேண்டுமானாலும் விடும். (போஸ்ட்கிரெஸில் இதை மாற்ற 15ஆம் பதிப்பிலிருந்து வழி உண்டு.)

தமிழில் தரவு வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தை யுனிகோடில் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீட்டில் எழுதலாம். ககரம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்றிலும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. யுனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸின் வழக்கமான அமைப்பில் அவை வேறு வேறு. ‘கோமதி’ என்ற ஒரே பயனர் பெயரை இருவர் பெற்றுவிடலாம், யுனீக் விதி வாயே திறக்காது. பெயரை உள்ளே விடும் முன்பே, இரண்டையும் ஒன்றாக்கும் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்ச் செயலி செய்யும் ஒவ்வொருவரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன்.

நம்பிக்கை: தானாக ஏறும் எண்ணில் இடைவெளி விழாது, பில் எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

விழும். ரோல்பேக் ஆன பரிவர்த்தனை எடுத்த எண் திரும்பி வராது; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நம் ஜிஎஸ்டி விதி 46 பில்லுக்குத் தொடர் எண் கேட்கிறது. அதைத் தனியாகக் கொடுத்து, அதற்கும் யுனீக் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் யுனீக் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே ஏற்கெனவே இரட்டைப் பதிவு இருந்தால் டேட்டாபேஸ் அந்த விதியை ஏற்காது. குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேல் எண்ணிக்கை வரும் வரிசைகளை முதலில் எடுத்துப் பாருங்கள். எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தத் தரவை அறிந்த நீங்கள்தான்.