பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர்: நாமே சுத்தம் செய்யக் கற்போம்

பஜ்ரு முடிந்ததும் துணி மூட்டையை ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் புறப்படும் நம் தெருச் சகோதரர் ஒருவர், சென்ற மாதம் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். சோக் போட்டால்தான் வண்டி ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. "கார்புரேட்டரையே மாற்றணும்" என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தோம். ஒரு சின்ன ஜெட்டில் அடைப்பு, அவ்வளவுதான். அரை நாள் வேலையில் வண்டி சரியானது. பழைய ஸ்பிளெண்டர், சிடி 100 வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது.

அது எப்படி வேலை செய்கிறது?

இன்ஜின் இழுக்கும் காற்று, கார்புரேட்டரின் குறுகலான தொண்டை வழியாக வேகமாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைவதால் கீழ்க் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் பெட்ரோல் போதிய அளவு நிறைந்ததும், மிதவை எழுந்து ஒரு ஊசியால் வழியை அடைத்துவிடும்.

வண்டி ஓடாமல் கிடந்தால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போன்ற கசடு தங்கும். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும்.

எங்கே கோளாறு?

- சோக் இல்லாமல் ஐடிலிங் நிற்காவிட்டால்: பைலட் ஜெட் அடைப்பு.
- ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகினால்: மிதவை ஊசியில் அழுக்கு அல்லது தேய்மானம்.
- முழு ஆக்சிலேட்டரில் திணறினால்: மெயின் ஜெட் அடைப்பு.

ஆனால் முதலில் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டேங்கிலிருந்து பெட்ரோல் தாராளமாக வருகிறதா என்பதைப் பாருங்கள். கார்புரேட்டர் மீது பழி போடுவது கடைசியில்தான்.

பிரிக்கும் முறை

இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்யுங்கள். அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

1. பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.
2. மேல் மூடியைத் திருகி, ஸ்லைடையும் ஊசியையும் கேபிளோடு வெளியே இழுத்துச் சுத்தமான துணியில் சுற்றிவையுங்கள். ஊசியின் கிளிப் எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள்.
3. இரண்டு போல்ட்டையும் ஏர் ஃபில்டர் குழாயின் கிளாம்பையும் கழற்றிக் கார்புரேட்டரை எடுங்கள்.
4. பக்கவாட்டு ஏர் ஸ்குரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறதென்று எண்ணி எழுதுங்கள். இறுக்கினால் முனை கெடும்.
5. கிண்ணத்தைத் திறந்து, மிதவையின் பின்னைத் தள்ளி, மிதவையையும் ஊசியையும் எடுங்கள். பிறகு இரண்டு ஜெட்டையும் சரியான அளவு ஸ்குரூ டிரைவரால் கழற்றுங்கள்.

சுத்தம் செய்வது

இங்கே என் தவற்றையே சொல்கிறேன். கல்லூரி நாளில் வாப்பாவின் வண்டியில் பைலட் ஜெட்டைக் குண்டூசியால் குத்தினேன். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டது. அதன்பின் புகையும் பெட்ரோல் செலவும் கூடி, கடைசியில் புது ஜெட் வாங்கினோம். எனவே ஊசி, கம்பி வேண்டாம். கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவைத்து, காற்று பம்பால் ஊதுங்கள். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான துளை தெளிவாகத் தெரிய வேண்டும். உடம்பிலுள்ள எல்லாத் துவாரங்களையும் ஊதுங்கள், கண்ணாடி அணியுங்கள். ரப்பர் வளையங்களில் கிளீனர் படக்கூடாது.

மிதவை ஊசியின் முனையில் வளையமாகத் தேய்ந்த தடம் இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள். மிதவையைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டாலும் மாற்ற வேண்டும். கேஸ்கெட், ஓ-ரிங் சேர்ந்த ரிப்பேர் கிட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

பூட்டும்போது

ஸ்லைடின் வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். அதன் பள்ளம் உள்ளே இருக்கும் பின்னில் பொருந்த வேண்டும். ஏர் ஸ்குரூவை எழுதிவைத்த சுற்றுக்கே திருப்புங்கள்.

கிக்கரை மிதிக்கும் முன் ஒரு சோதனை அவசியம். ஆக்சிலேட்டரைத் திருகி விடுங்கள். உடனே "டக்" என்று மூட வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் வண்டியை எடுக்காதீர்கள். ஓடும் வண்டியில் அது உயிருக்கே ஆபத்து. காக்கைத் திறந்து ஒழுகல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின் சூடானதும் ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வேகம் அதிகமாகவும் சீராகவும் வரும் இடத்தில் விடுங்கள். பிறகு ஐடிலிங் ஸ்குரூவைக் குறையுங்கள். சில நாள் ஓட்டியபின் பிளக் தேநீர் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு.

இனி ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், காக்கை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அந்தத் துணி வியாபாரச் சகோதரருக்கு இரண்டு நாள் வருமானம் போனது, இந்த ஐந்து நிமிடம் தெரியாததால்தான்.