சூட்டில் தெரியும் குறை

நுழையும்முன்

பொருளைப் பிரிப்பதும் பூட்டுவதும் கையின் வேலை. குறை எங்கே உள்ளது எனக் கண்டறிவது அறிவின் வேலை. இரண்டும் சேர்ந்ததே பழுது பார்க்கும் தொழில். புதுப்பித்த ஓர் எஞ்சினின் குறையை ஆராயும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாடம்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி. நாயுடு. இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உழைத்துப் பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார், பகுதி பகுதியாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற எந்திரக் கல்வி. 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், பின்னாளில் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார்.

பிரித்துப் பூட்டிய எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் வேலை முடிந்தது என எண்ணுதல் இயல்பு. ஆனால் சில குறைகள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வெளிப்படுவதில்லை. சூடேறிய பின்னரே தலைகாட்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

பாறசாலையில் வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர். அவருடையது பழைய அம்பாசிடர் கார். அதன் எஞ்சினைப் பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பித்திருந்தார். காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பினால் கார் இனிதாக ஓடும். சிறிது தூரம் சென்று, சோக்கை உள்ளே தள்ளியபின், உதியங்குளங்கரையை நெருங்கும்போது தடுமாறும். அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தருகே நெரிசலில் சிக்கினால் நின்றுவிடும். நன்கு ஆறியபின் சோக்கை இழுத்துக் கிளப்பினால் மீண்டும் ஓடும். பயணிகள் வேறு வண்டி தேடிச் சென்றனர். அன்றாட வருவாய் குறைந்தது.

ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார். பயன் இல்லை. கடைசியில் பணிமனைக்கு வந்தார்.

“ஆசானே, எஞ்சினை மறுபடியும் பிரித்துவிடுங்கள். சிலிண்டரைக் கடைந்தவர்தாம் பிழை செய்திருக்கிறார்” என்றார்.

ஆசான் எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். அது குளிர்ந்திருந்தது, சீராக ஓடியது. “குளிர்ந்த எஞ்சினிடம் கேட்டால் அது குறை சொல்லாது. வாருங்கள், சூடேற்றிவிட்டுக் கேட்போம்” என்று கூறி, ஓட்டுநருடன் தாமும் காரில் ஏறினார்.

சூடேறும்போது எஞ்சினுக்குள் பல மாற்றங்கள் நிகழ்கின்றன. உலோகங்கள் விரிகின்றன. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 80 டிகிரி உயர்ந்தால், அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அதனினும் இருமடங்கு அளவுக்கு விரியும். வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியைக் குறைத்துவிட்டால், சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுதும் மூடாமல் நிற்கும். பிஸ்டனுக்கு இடம் போதாவிட்டால், அது சிலிண்டருக்குள் இறுகும். பெட்ரோலின் இலகுவான கூறுகள் சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும்; குழாயில் ஆவி நிறைந்தால் பெட்ரோலின் வரவு தடைப்படும். பழுதுற்ற காயில் சூட்டில் வலுவிழந்த பொறியைத் தரும். ஆகவே அறிகுறி ஒன்று, காரணங்களோ பல.

உதியங்குளங்கரையை அடையுமுன் கார் தடுமாறியது. ஆசான் வேறு எதனையும் தொடவில்லை. சோக்கை மட்டும் பாதியளவு இழுத்தார். எஞ்சின் சீரடைந்தது! உள்ளே தள்ளினார், மீண்டும் தடுமாறியது.

சோக்கை இழுத்தால் எஞ்சினுக்குள் செல்லும் காற்றுக் குறைந்து, பெட்ரோலின் பங்கு மிகும். அதனால் எஞ்சின் சீரடைந்தது எனில், அதற்கு முன் பெட்ரோல் குறைவாகவோ காற்று மிகையாகவோ இருந்திருக்க வேண்டும். மாறாக, தடுமாற்றம் மிகுந்து கரும்புகை வந்திருந்தால், பெட்ரோல் மிகையாகச் செல்கிறது எனக் கொள்ளலாம். ஒரே சோதனை, ஆராய வேண்டிய எல்லையைப் பாதியாகச் சுருக்கிவிட்டது.

பணிமனைக்குத் திரும்பியதும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தடையின்றி வருவதை ஆசான் உறுதி செய்தார். எஞ்சியது காற்று. ஓடும் எஞ்சினில், கார்புரேட்டரிலிருந்து கலவை செல்லும் குழாய் எஞ்சினோடு பொருந்தும் இணைப்பில் சிறிது சிறிதாக நீரை விட்டார். ஓரிடத்தில் நீர் பட்டதும் எஞ்சினின் ஓசை மாறியது. அங்கிருந்த கேஸ்கெட் சரியாகப் பொருந்தவில்லை; அந்த இடுக்கின் வழியே வேண்டாத காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

காலையிலும் அக்குறை இருந்தது. சோக் தந்த மிகைப் பெட்ரோல் அதனை மறைத்தது. சோக்கை உள்ளே தள்ளியதும் மறைப்பு நீங்கியது. சூடு குறையை உண்டாக்கவில்லை; வெளிக்காட்டியது.

புதிய கேஸ்கெட் இடப்பட்டது. எஞ்சினைப் பிரிக்கும் செலவு தவிர்ந்தது. சிலிண்டரைக் கடைந்தவர்மீது சுமத்தப்பட்ட பழியும் நீங்கியது. ஆயினும் ஆசான் உடனே கூலி பெறவில்லை. “நெய்யாற்றின்கரையைக் கடந்து பாலராமபுரம் வரை சென்று திரும்புங்கள். சூட்டோடு வந்து நில்லுங்கள். அதன்பின் கூலியைப் பேசலாம்” என்றார். கார் சென்று திரும்பியது. பணிமனை வாயிலிலும் நிற்காமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் முறையே ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்கிறது. மருத்துவருக்குக் கூறிய அம்முறை, பணிமனைக்கும் பொருந்தும். மூன்று பொருள்களை ஒருங்கே மாற்றியவர் எதனையும் அறியவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தவர் உண்மையை அறிந்தார்.

மொழிச் செய்தி

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் அமைந்தன. அருகிலுள்ள களியக்காவிளை, இன்றைய தமிழ்நாட்டில் அமைந்தது. எல்லை பிரிந்தாலும் சொற்கள் பிரியவில்லை. வண்டி, சூடு ஆகிய சொற்கள் இரு மொழியிலும் வழங்குகின்றன. சில சொற்களில் பொருள் வேறுபடும். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பது தண்ணீர். இன்றைய தமிழில் அது பெருக்கெடுத்து வரும் நீர். “ரேடியேட்டரில் வெள்ளம் உண்டா?” என்று கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை!

சொல்லும் பொருளும்

ஆசான் – ஆசிரியர். இங்குப் பணிமனையின் தலைமைத் தொழிலாளி
சோக் – குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் அமைப்பு
கேஸ்கெட் – இரு பகுதிகளின் இடையே கசிவின்றி வைக்கும் தகடு
அறிகுறி – அடையாளம்
இடுக்கு – குறுகிய இடைவெளி

பயிற்சி

1. ஆசான் காரை ஓட்டிச் சென்று சோதித்தது ஏன்?
2. சோக்கைப் பாதியளவு இழுத்ததால் அறிந்த உண்மை யாது?
3. காலையில் குறை தெரியாமைக்குக் காரணம் என்ன?
4. எதிர்ச்சொல் எழுதுக: சூடு, பிரித்தல், மிகை, மறைத்தல்.
5. ‘ஆறினால் ஓடும்’ என்பதுபோல், ‘-ஆல்’ என முடியும் நிபந்தனைச் சொற்கள் மூன்றனைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
6. பாடம் சுட்டும் திருக்குறளை ‘மருந்து’ அதிகாரத்தில் கண்டறிந்து, பொருளுடன் எழுதுக.
7. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொற்கள் ஐந்தனை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. பொருள் வேறுபடுவனவற்றைக் குறிக்க.

குறிப்பு: ஓடும் எஞ்சினின் அருகில் பெரியோர் துணையின்றிச் செல்லலாகாது.