புல் தின்னும் கங்காருவுக்குப் பூனையால் வந்த வினை!

மிருகக்காட்சிசாலையில் கங்காரு வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டிய பிராணி புலியோ சிறுத்தையோ இல்லை. சுவர் ஏறிக் குதித்து வரும் தெருப்பூனை! அது கங்காருவைக் கடிப்பதில்லை, பிராண்டுவதும் இல்லை. ஒரு மூலையில் மண்ணைப் பறித்து மலம் கழித்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் கங்காரு தீனி எடுக்காமல் சுருண்டு படுக்கும். மூச்சு வாங்கும். கண் தெரியாமல் வேலியில் முட்டிக்கொள்ளும். சில கங்காருகள் எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடப்பதும் உண்டு.

இந்த நோயின் பெயர் டாக்ஸோபிளாஸ்மோசிஸ். காரணம், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. 1908-ல் துனிஸ் நகரத்தில் எலி போன்ற ஒரு சிறு பிராணியின் உடம்பில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இது பூனையின் குடலில்தான் முட்டை போன்ற வித்துக்களை உண்டாக்கி வெளியே வருகிறது என்பது உறுதியாகத் தெரிய 1970 வரை ஆயிற்று. அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் நம் இந்தியாவில் பிறந்த ஜே.பி. துபே.

கங்காரு, வாலபி போன்ற வயிற்றுப்பை விலங்குகளை மட்டும் இது ஏன் இப்படிப் போட்டுத் தாக்குகிறது? ஆஸ்திரேலியாவில் ஆதியில் பூனையே கிடையாது. 1788-ல் ஐரோப்பியர்கள் குடியேறிய பிறகுதான் பூனை அங்கே பரவியது. ஆடும் எலியும் மனிதனும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிவிட்ட கிருமி, கங்காருவுக்குப் புதுசு. எதிர்த்து நிற்கும் பழக்கம் அதன் உடம்புக்கு வரவில்லை.

"சரி, கங்காருவுக்கு வந்தால் அம்பத்தூரில் இருக்கிற எனக்கு என்ன?" என்கிறீர்களா? "அதோட, நாங்க சுத்த சைவம். பூனையைத் தொடறதே கிடையாது" என்றும் சிலர் சொல்லலாம். கங்காருவும் சுத்த சைவம்தானே! அதுவும் பூனையைத் தொட்டதில்லை. புல்லிலும் தீனியிலும் ஒட்டியிருந்த வித்துக்கள்தான் அதன் வயிற்றுக்குள் போயின.

நோய் தொற்றிய பூனை, பெரும்பாலும் எலி தின்னப் பழகும் இளம் பூனை, ஒன்றிரண்டு வாரங்களுக்கு லட்சக்கணக்கில் இந்த வித்துக்களை மலத்தில் வெளியேற்றும். அதன் பிறகு பொதுவாக நின்றுவிடும். வெளியே வந்த வித்து உடனே நோய் தராது. ஒன்று முதல் ஐந்து நாள் மண்ணில் கிடந்து 'பழுக்க' வேண்டும். பழுத்துவிட்டாலோ, ஈர மண்ணில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆக, மடியில் படுத்திருக்கும் பூனையை விட, அது போன மாதம் பறித்துப் போட்ட மண்தான் ஆபத்து.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் புது வீடு கட்டாத தெரு ஏது? வாசலில் கொட்டிய மணல்தான் பூனைகளுக்குக் கழிப்பறை. சாயங்காலம் ஆனால் குழந்தைகள் வீடு கட்டி விளையாடுவதும் அதே மணலில்தான். மணல் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். விளையாடி வந்த பிள்ளை முறுக்கில் கை வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவட்டும். கீரை வேகும்போது வித்து செத்துவிடும். ஆனால் வெள்ளரிக்காயும், பச்சையாக அரைக்கும் கொத்தமல்லிச் சட்னியும் வேகாதவை. மூன்று நான்கு தண்ணீர் மாற்றி நன்றாக அலசுங்கள்.

தண்ணீரும் கவனிக்க வேண்டிய விஷயம்தான். 2004-05-ல் கோயம்புத்தூரில் பார்வை மங்கலாகிறது என்று அடுத்தடுத்துப் பலர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தார்கள். விழித்திரையில் டாக்ஸோபிளாஸ்மா! 2010-ல் வெளியான ஆய்வறிக்கையில் அந்த நோயாளிகளின் எண்ணிக்கை 248. குழாயில் வந்த குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் சந்தேகம். 1995-ல் கனடாவின் விக்டோரியா நகரத்திலும் இப்படித்தான் குடிநீர் மேல் சந்தேகம் விழுந்தது. சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. குளோரினுக்கு இந்த வித்து மசியாது. கொதிக்க வைத்தால் சாகும். சம்ப் மூடி பூனை நுழையாதபடி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குக்கரில் வெந்த மட்டனால் கெடுதல் இல்லை. கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியை நாக்கில் வைத்து உப்பு பார்க்கிறோமே, அதுதான் வேண்டாம்.

ஆரோக்கியமானவர்களுக்குத் தொற்று வந்தது பெரும்பாலும் தெரியவே தெரியாது. லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது, அவ்வளவுதான். எய்ட்ஸ் நோயாளிகள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளையைத் தாக்கும். கர்ப்பிணிக்கு முதல் முறையாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகலாம். குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். 'முதல் முறையாக' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்!

ஏனென்றால், 'டார்ச்' டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற பெண்கள் நிறைய. "டாக்ஸோ பாசிட்டிவ்னு வந்திருக்கு. போன குழந்தை கலைஞ்சதும் அதனாலதானாம்" என்பார்கள். 'ஐஜிஜி' பாசிட்டிவ், 'ஐஜிஎம்' நெகட்டிவ் என்றால் எப்போதோ வந்து போன தொற்று என்று பொருள். கர்ப்பத்துக்கு முன்பே வந்து போயிருந்தால், மற்றபடி ஆரோக்கியமான பெண்ணின் குழந்தைக்குப் பொதுவாக ஆபத்தில்லை. அடுத்தடுத்து கர்ப்பம் கலைவதற்கு இதைக் காரணமாகச் சொல்வதும் சரியில்லை. 'ஐஜிஎம்' பாசிட்டிவ் என்றாலும் உடனே பதற வேண்டாம். அது பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். 'அவிடிட்டி' என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது அதிகம் என்று வந்தால், தொற்று ஏற்பட்டு நாலு மாதமாவது ஆகிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது மாதத்துக்குள் இந்த முடிவு கிடைத்தால் பெரிய ஆறுதல். மாத்திரை தொடங்குவதற்கு முன் இந்தப் பரிசோதனை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தொற்று புதுசுதான் என்று உறுதியானால் அதற்கு மருந்து உண்டு. தாமதிக்காமல் தொடங்க வேண்டும்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்றதும் வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி ரயில்வே லைன் பக்கம் விடத் தேவையில்லை. அதற்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். அதன் மணல் தட்டை வேறு யாராவது தினமும் காலையில், வித்து பழுக்கும் முன், சுத்தம் செய்யட்டும். அந்தப் பத்து மாதமும் அது மாமியார் பொறுப்பா, மகன் பொறுப்பா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்!