குதிரையேற்றமும் முதல் ஜோடி பூட்ஸும்

நம் பொம்மிடியில் ரயிலைப் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனால் குதிரையை அருகில் நின்று பார்த்தவர் நம்மில் சிலரே. பலருக்குத் தெரிந்த குதிரை, ஊர் எல்லைக் கோவிலில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் சுதைக் குதிரைதான். அப்படியிருக்க, குதிரையேறுவோர் அணியும் பூட்ஸைப் பற்றி நமக்கு எதற்குப் பாடம் என்று கேட்கத் தோன்றும்.

இரண்டு காரணங்கள் உண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா செல்லும் மாணவியர் பலர் அங்கே ஏரிக்கரையில் குதிரையைக் கண்டதும் ஏறிப் பார்க்க ஆசைப்படுகின்றனர். அப்போது காலில் கிடப்பதோ ரப்பர் செருப்பு. இது முதற்காரணம். தேசிய மாணவர் படையில் குதிரைப் பயிற்சிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நம் மாணவியருள் ஒருத்தி நாளை அதில் சேரலாம். கால்நடை மருத்துவம் படிக்கலாம். இது இரண்டாவது காரணம்.

குதிரை நம் பகுதிக்குப் புதிதும் அன்று. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டிலேயே படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகப் பண்ணை அமைத்தார்கள். 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

பூட்ஸின் வேலை என்ன?

குதிரையின் முதுகில் இருப்பது சேணம். அதன் இரு பக்கமும் தோல் வாரில் தொங்கும் இரும்பு வளையம் அங்கவடி. ஏறியவர் தம் முன்பாதத்தை அதில் ஊன்றிக்கொள்கிறார். குதிரை சாதுவாக நடக்கும்வரை ஒரு துன்பமும் இல்லை. அது மிரண்டு துள்ளி, ஏறியவர் கீழே விழும்போதுதான் ஆபத்து. பாதம் அங்கவடியை விட்டுக் கழன்றுவிட்டால் சிராய்ப்போடு எழுந்துவிடலாம். பாதம் வளையத்துக்குள் முழுவதும் நுழைந்து கணுக்காலில் மாட்டிக்கொண்டாலோ, ஓடும் குதிரை ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும். உயிருக்கே ஆபத்தாக முடிவது இதுதான்.

ஆகவே, இந்தப் பூட்ஸை வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “அழகாக இருக்கிறதா?” என்பதன்று, “விழும்போது என் காலை விட்டுவிடுமா?” என்பதே. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஹீலும் அடிப்பாகமும்

பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போகாமல் தடுப்பது ஹீல். அது ஏறத்தாழ ஓர் அங்குல உயரம், அகன்று, உறுதியாக இருக்க வேண்டும். உயர்ந்த ஹீல் வைத்த காலணி பெண்களின் அலங்காரத்துக்காகப் பிறந்தது என்றே பலர் எண்ணுகிறோம். பாரசீகக் குதிரை வீரர்கள் அங்கவடியில் கால் நிலைத்து நிற்பதற்காக அணிந்த காலணியிலிருந்தே அது ஐரோப்பாவுக்குப் பரவியது என்று காலணியின் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். பண்டைக்கால இந்தியாவிலோ, வெறுங்காலுடன் ஏறியவர்கள் பெருவிரலை மட்டும் நுழைக்கும் சிறு வளையத்தைப் பயன்படுத்தினர் என்பர். பெருவிரல் மட்டும் நுழையும் இடத்தில் பாதம் மாட்டிக்கொள்ள வழியில்லை. எந்த நாட்டவராயினும் இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்திருக்கின்றனர்.

அடிப்பாகம் வழவழப்பாகவோ, மிக மெல்லிய வரிகளுடனோ இருக்க வேண்டும். மலையேறும் ஷூவிலும் விளையாட்டு ஷூவிலும் உள்ள ஆழமான பள்ளங்கள் இரும்பைக் கவ்விக்கொள்ளும். சேற்றில் நடக்கும் ரப்பர் கம்பூட்ஸும் இதே காரணத்தால் ஆகாது. அதற்கு ‘வெலிங்டன்’ என்றொரு பெயர் உண்டு. 1799-இல் ராயக்கோட்டை வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்தின்மேல் படையெடுத்த ஆங்கிலச் சேனையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர். அவர் விரும்பித் தைத்துக்கொண்ட தோல் பூட்ஸின் பெயர் பிற்காலத்தில் ரப்பர் பூட்ஸுக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் குதிரை வீரருடையது என்பதற்காக அந்த ரப்பர் பூட்ஸை அணிந்து குதிரை ஏறிவிடக் கூடாது.

நெட்டையா, குட்டையா?

முழங்கால் வரை உயர்ந்த நெட்டைப் பூட்ஸ் பார்ப்பதற்குக் கம்பீரமானது. அங்கவடி வார் கெண்டைக்காலில் உரசிக் கன்றிப்போகாமல் காப்பதும் அதுவே. ஆனால் அதன் விலை அதிகம். கால் வளர்ந்துவிட்டால் பயன்படாது.

கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் குட்டைப் பூட்ஸ் இன்னொரு வகை. இதை ஜோத்பூர் பூட்ஸ் என்று அழைப்பதுண்டு. ஜோத்பூரைச் சேர்ந்த சர் பிரதாப் சிங் 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக லண்டன் சென்றபோது அணிந்திருந்த குதிரையேற்றக் கால்சட்டை அங்கே பெரும்புகழ் பெற்றது. ஊரின் பெயரே முதலில் அந்த உடைக்கும், பிறகு அதனோடு அணியும் பூட்ஸுக்கும் ஆகிவந்தது. குட்டைப் பூட்ஸின்மேல், கெண்டைக்காலைச் சுற்றி அணியும் தோலுறை ஒன்று உண்டு. கடையில் ‘ஹாஃப் சாப்ஸ்’ என்று கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நெட்டைப் பூட்ஸின் பயன் கிடைத்துவிடும். பாதம் வளர்ந்தால் பூட்ஸை மட்டும் மாற்றினால் போதும். வளரும் பிள்ளைகளுக்கும், புதிதாகக் கற்பவர்களுக்கும் இதுவே ஏற்றது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பாடந்தானே!

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. “வளருகிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடு” என்பது ஜூன் மாதத்தில் ஒவ்வொரு கடையிலும் கேட்கும் பேச்சு. பள்ளிச் சீருடையில் அந்தச் சிக்கனம் நல்லது. குதிரையேறும் பூட்ஸில் அது தகாது. தொளதொளத்த பூட்ஸுக்குள் குதிகால் எழும்பும், கால் நிலைகொள்ளாது. அகலம் கூடிய பூட்ஸ் அங்கவடிக்குள் இறுகவும் செய்யும். பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் ஒருவர் அணிந்த பழைய பூட்ஸை, தோல் வெடிக்காமலும் தையல் விடாமலும் ஹீல் தேயாமலும் இருந்தால், வாங்கலாம். ஆனால் தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. ஒருமுறை அடிபட்ட கவசத்தின் உட்பழுது கண்ணுக்குத் தெரியாது. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் கவசம், பிறகே பூட்ஸ்.

அளவெடுக்கும் முறை

1. மாலையில் அளவெடுக்க வேண்டும். பகல் முழுதும் நின்று நடந்த பாதம் சற்றே பருத்திருக்கும்.

2. குதிரையேறும்போது அணியப்போகும் காலுறையையும் கால்சட்டையையும் அணிந்துகொண்டே அளக்க வேண்டும்.

3. இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு ஒரு கால் சற்றுப் பெரிது; பெரிய காலின் அளவே கணக்கு.

4. நெட்டைப் பூட்ஸ் எனில், நாற்காலியில் முழங்கால் மடங்க அமர்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உயரத்தையும், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவையும் குறிக்க வேண்டும். புதுத் தோல் பழகப் பழகக் கணுக்காலில் மடிந்து இறங்கும். ஆகையால் முதலில் ஓர் அங்குலம் வரை உயரமாக இருப்பது குற்றமில்லை.

கடையிலேயே ஒரு சோதனை

பூட்ஸை அணிந்துகொண்டு படிக்கட்டு ஒன்றில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, குதிகாலை மெல்லக் கீழே தாழ்த்திப் பார்க்க வேண்டும். குதிரைமேல் அமர்ந்திருக்கும்போது கால் இருக்கும் நிலை இதுவே. கணுக்கால் எளிதாக மடிய வேண்டும். விரல் நெரியக் கூடாது. குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. நாடா கட்டும் பூட்ஸ் என்றால், முடிச்சின் கண்ணிகள் நீண்டு தொங்கக் கூடாது. அவையும் மாட்டிக்கொள்ளும்.

பயிற்சிக்குச் சென்றதும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கவடியின் உட்புற அகலம் பூட்ஸின் அகலத்தைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் பாதம் இறுகிவிடும். மிகவும் கூடினால் பாதம் முழுதும் உள்ளே போய்விடும். புதுப் பூட்ஸுடன் வரும் மாணவி, ஏறுவதற்கு முன்னரே ஆசிரியரிடம் காட்டி இதைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

நம் ரயில் பாதையும் தோலும்

தோலைப் பற்றி நாம் தூரத்தில் போய்க் கற்க வேண்டியதில்லை. பொம்மிடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையைத் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர். தோல் பதனிடுதற்கும் ஷூ தயாரிப்பதற்கும் பெயர்போன ஊர்கள் இவை. இங்கே தைத்த காலணிகள் கடல் கடந்து போகின்றன. சேணத்துக்கும் குதிரைச் சாமான்களுக்கும் வடநாட்டில் கான்பூர் புகழ்பெற்றது. தோலைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே சென்னை அடையாற்றில் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

நல்ல தோலும் பராமரிப்பு இல்லாவிட்டால் கெடும். குதிரையின் வியர்வையில் உப்பு உண்டு. ஏறி இறங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, உள்ளே காகிதத்தைச் சுருட்டி வைக்க வேண்டும். வெயிலிலும் அடுப்போரத்திலும் வைத்தால் தோல் வறண்டு வெடித்துவிடும்.

நாம் ஏறலாமா?

குதிரையேற்றம் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது 1952-இல், ஹெல்சிங்கி நகரில். அவ்வாண்டே டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலற்ற கால்கள் அவருடையவை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. 1956-இல் மீண்டும் வெள்ளி வென்றார். நம் நாட்டிலும் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிரசாஜ் எனும் குதிரையேற்றப் பிரிவில் இந்திய அணி தங்கம் பெற்றது. அந்த நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் ஆகிய இருவர் பெண்கள். இவ்விளையாட்டில் ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில் சமமாகப் போட்டியிடுகின்றனர்.

ஆதலால் ஆசைப்படுவதில் தவறில்லை; ஆயத்தமின்றி ஏறுவதே தவறு. அடுத்த சுற்றுலாவில் குதிரையைக் கண்டால், முதலில் நம் காலைக் குனிந்து பார்ப்போம். சிறிய ஹீலும் வழவழப்பான அடியும் உள்ள கறுப்புத் தோல் ஷூ இருந்தால், குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து நடத்த, தலைக்கவசம் அணிந்து ஏறலாம். செருப்போ கான்வாஸ் ஷூவோதான் இருக்கிறது என்றால், குதிரையைத் தட்டிக்கொடுத்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கு இறங்கியே நிற்போம். குதிரை எங்கும் போய்விடாது. நாம் பூட்ஸோடு மறுபடியும் வரலாம்.