பெரிய சைஸ் யூனிஃபார்ம்: முன்கூட்டியே கேளுங்கள்

ஜவுளிக்கடை, மருத்துவமனை, ஹோட்டல் என யூனிஃபார்ம் கட்டாயமான இடங்களில் உடல் பருத்தவர்களுக்கு முதல் நாளே சங்கடம். ஸ்டாக்கில் எக்ஸ்எல் வரைதான் இருக்கும். ‘தற்காலிகமாக இதைப் போட்டுக்கோங்க’ என்பார்கள்.

வேலை உறுதியானதும் மார்பு, இடுப்பு, தோள் அளவுகளை அங்குலத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் இன்னொன்றின் எல் ஆக இருக்கும். போட்டுப் பார்க்கும்போது நிற்பதோடு சரி என்று விடாமல் உட்கார்ந்து, குனிந்து, கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பட்டன் விரிவது அப்போதுதான் தெரியும்.

துணியாகக் கொடுக்கும் நிறுவனமென்றால் கூடுதல் மீட்டரையும் கேட்கலாம். உள்தையலில் ஓர் அங்குலம் விடச் சொன்னால் பிறகு பிரித்துவிடலாம்.

பெரிய அளவுக்குச் சப்ளையர்கள் கூடுதல் விலை வாங்குவதுண்டு. அதை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது நியாயமே இல்லை. மொத்த ஆர்டரில் சேர்த்தால் பெரிதாகத் தெரியாது.

பாதுகாப்பு உடை அளவு பொருந்தாவிட்டால் அது வெறும் சங்கடமல்ல, ஆபத்து. அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்பு உடையும் கருவிகளும் அவரவர் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது.