திங்கள் இரவுக் காய்ச்சல்

கேள்வி: என் கணவர் 15 வருடமாக வெல்டிங் வேலை செய்கிறார். ஜி.ஐ. பைப்பில் கேட், கிரில் அடித்த அன்று இரவு குளிர்காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், மறுநாள் சரியாகிவிடும். பெரும்பாலும் திங்கட்கிழமைதான் இப்படி. போன மாதம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்கிறார், வேலை முடிந்ததும் பால் குடிக்கிறார். இது போதுமா, டாக்டர்?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது அம்மா. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை போவது நுரையீரலுக்கு.

ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகி, காற்றில் நுண்துகளாக உறைகிறது. பல துகள்கள் 100 நானோமீட்டரைவிடச் சிறியவை; தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இவற்றை எதிர்த்து உடம்பின் காவல் செல்கள் சுரக்கும் ரசாயனங்களே அந்தக் காய்ச்சலுக்குக் காரணம். வாரம் முழுக்கப் புகையில் நிற்கும்போது உடம்பு பழகிக்கொள்கிறது. ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போவதால் திங்களன்று மறுபடி வருகிறது.

நிமோனியாவுக்கும் புகைக்கும் தொடர்பு உண்டு. மூச்சுக்குழாயில் படியும் பெரிய தூசியைச் சளியும் நுண்ரோமங்களும் மேலே தள்ளிவிடும். நானோ துகளோ கடைசிக் காற்றறை வரை இறங்கிவிடும். அங்கே ரோமங்கள் கிடையாது. விழுங்கு செல்கள்தான் காவல். அவை உலோகத் துகளை விழுங்கி விழுங்கித் திணறும்போது, கிருமியைக் கொல்லும் திறன் குறைகிறது. புகையிலுள்ள இரும்பு கிருமிக்குத் தீனியும் ஆகிறது.

உடல் உழைப்பு இந்தப் பாதிப்பை இன்னும் கூட்டுகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறார். பாரம் தூக்குபவர் அதைப்போலப் பல மடங்கு, அதுவும் வாய் வழியாக. உடற்பயிற்சி செய்தவர்களை அளந்த ஓர் ஆய்வில், நுரையீரலில் தங்கிய நுண்துகள்கள் ஓய்வில் இருந்ததைவிட 4 மடங்குக்கும் அதிகம். ஓவர்டைமும் தூக்கக் குறைவும் எதிர்ப்புச் சக்தியை மேலும் தளர்த்தும்.

இனிச் செய்ய வேண்டியவை: வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்தெடுக்கட்டும். புகை முகத்துக்கு ஏறாமல், காற்று பக்கவாட்டில் வீசும்படி நிற்கட்டும். பட்டறைக்குள் என்றால் புகையை உறிஞ்சும் குழாய் அவசியம். கர்ச்சீப்பின் இழை இடைவெளியில் இந்தத் துகள் தாராளமாக நுழையும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 மாஸ்க்தான் தடுக்கும். தேய்க்கும்போதும் அதைப் போட்டிருக்க வேண்டும். பீடி, சிகரெட் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனம் தளராதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வேலை செய்யும் வயதிலுள்ள வெல்டர்களிடம் நிமோனியா மரணம் கூடுதலாக இருந்தது. ஓய்வுபெறும் வயதைத் தாண்டியவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. புகை நின்றால் காவல் செல்கள் தேறிக்கொள்ளும் என்றே இதிலிருந்து தெரிகிறது. அவர் ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் திங்களிலிருந்தே மாஸ்க் போடட்டும்.